ஊசி குத்தினால் சொல்லலாமா?

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலாக உறுதியானது 1986-ல், சென்னையில் எடுத்த ரத்த மாதிரிகளில். பேராசிரியர் சுனிதி சாலமன் வழிகாட்ட, அந்த மாதிரிகளைச் சேகரித்தவர் நிர்மலா என்ற மருத்துவ மாணவி. ஆக, இங்கே விழிப்புணர்வைத் தொடங்கி வைத்ததே ஒரு மாணவிதான்.

இன்றைய மருத்துவ, நர்சிங் மாணவர்களைக் கேட்டால் எச்.ஐ.வி. எப்படிப் பரவும், எப்படிப் பரவாது என்று தூக்கத்தில்கூடச் சொல்வார்கள். ஆனால் வார்டில் நடப்பது வேறு. பயன்படுத்திய ஊசிக்குத் திரும்ப மூடி போடக்கூடாது என்று பரீட்சையில் எழுதிய அதே கை, அவசரத்தில் மூடி போடுகிறது. 'பாசிட்டிவ்' என்று தெரிந்தால் இரண்டு கையுறை, மற்றவர்களுக்கு வெறுங்கை! யார் ரத்தத்தில் என்ன இருக்கிறது என்று முகத்தில் எழுதி ஒட்டியிருக்கிறதா என்ன?

இதைவிட ஆபத்து, ஊசி குத்தியதை மறைப்பது. தொற்றுள்ள ரத்தம் பட்ட ஊசி குத்தினால் எச்.ஐ.வி. வரும் வாய்ப்பு ஆயிரத்தில் சுமார் மூன்று. எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம், 72 மணி நேரத்துக்குள், தடுப்பு மருந்தைத் தொடங்கி 28 நாள் சாப்பிட்டால் அதையும் பெருமளவு தவிர்க்கலாம். ஆனால் சீனியர் திட்டுவாரே, ஹாஸ்டலில் வேறு மாதிரி பேசுவார்களே என்ற பயத்திலேயே அந்த நேரம் ஓடிவிடுகிறது.

பாடத்தில் குறை இல்லை. சொன்னவரைக் குற்றவாளியாகப் பார்ப்பதில்தான் குறை. "குத்திவிட்டதா? உடனே சொல், யாரும் திட்டமாட்டோம்" என்று கல்லூரிகள் முதல் நாளே சொல்லட்டும். தனக்கு நேர்ந்ததையே சொல்லப் பயப்படுகிற மாணவர், நாளை பயந்துபோய் வரும் நோயாளிக்கு எப்படி தைரியம் சொல்வார்?