பேரிங்கை மாற்றும் முன்

சிஎன்சி லேத்தில் ஸ்பிண்டில் அதிர்ந்தால் எங்கள் பக்கத்துப் பட்டறைகளில் முதலில் காதில் விழுவது, "பேரிங் போயிருச்சுண்ணே" என்பதுதான். மதுரைப் பக்கம் சமயநல்லூர், பரவை, வாடிப்பட்டி வட்டாரத்தில் ஜாப் ஒர்க் எடுத்து நடத்தும் சிறு பட்டறைகளுக்குப் பராமரிப்பு வேலைக்குப் போகிறவன் நான். அந்தப் பேச்சை நம்பி ஸ்பிண்டிலைப் பிரித்தால் செலவு லட்சத்தைத் தொட்டுவிடும். மெஷின் நிற்கும் நாட்களில் கடன் தவணை நிற்காது. பேரிங் உண்மையிலேயே கெட்டிருந்தால் மாற்றத்தான் வேண்டும். சோதிக்காமல் பிரிப்பது அநியாயம்.

டூலைப் பின்னுக்கு இழுத்ததும் அதிர்வு அடங்குகிறதா என்று முதலில் பாருங்கள். அடங்கினால் கோளாறு பெரும்பாலும் வெட்டும் இடத்தில்: ஜாப் அதிகமாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், டூல் ஹோல்டர் போல்ட் தளர்ந்திருக்கும். கடைசல்காரருக்கு வரும் சிக்கல்களிலேயே பிடிபடாதது வெட்டும்போது வரும் இந்தச் 'சேட்டர்' அதிர்வுதான் என்று அமெரிக்கப் பொறியாளர் ஃபிரெடரிக் டெய்லர் 1907-லேயே எழுதியிருக்கிறார்.

டூல் படாமலே அதிர்ந்தால் சுற்றுகிறவற்றில் தேட வேண்டும். 1800 ஆர்.பி.எம். என்றால் விநாடிக்கு 30 சுற்று. அதிர்வும் விநாடிக்கு 30 என்றால் எடை ஒரு பக்கம் கூடியிருக்கிறதா என்று சக்கையும் ஜாக்களையும் பாருங்கள். வேகம் இரட்டித்தால் அந்த எடை ஏற்றத்தாழ்வின் விசை நான்கு மடங்காகும். பேரிங் பழுதின் அதிர்வு சுற்று எண்ணிக்கையின் முழு மடங்கில் வராது. உள்ளே இருக்கும் பால், ரோலர் எண்ணிக்கையைப் பொறுத்துப் பின்னமாக வரும். சக்கைக் கழற்றி ஓட்டிப் பாருங்கள். பிறகு பெல்ட்டைக் கழற்றி மோட்டாரை மட்டும் ஓட்டிப் பாருங்கள்.

பரவைப் பக்கம் ஒரு பட்டறையில் புஷ் கடைசல் அலை அலையாக வந்தது. சர்வீஸுக்கு வந்தவர் பேரிங் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். செல்போனில் அதிர்வு அளக்கும் செயலியைத் திறந்து, போனை ஹெட்ஸ்டாக் மேல் டேப் போட்டு ஒட்டினேன். 1800-ல் ஓட்டியபோது 30 ஹெர்ட்ஸில் பெரிதாக ஒன்றுமில்லை. ஒன்பதுக்குச் சற்று மேலே உயர்ந்து நின்றது கோடு. புல்லி விட்டம் 150 மி.மீ., பெல்ட் நீளம் 1,500 மி.மீ. கணக்குப் போட்டால் அந்த வேகத்தில் பெல்ட் விநாடிக்கு ஏறத்தாழ ஒன்பதரை முறை சுற்றி வரும். கூலண்ட் கசிந்து ஒரு பெல்ட் ஓரிடத்தில் ஊதிப்போயிருந்தது. முழு செட்டையும் மாற்றினோம். ஒன்றை மட்டும் மாற்றினால் பழையதும் புதியதும் இழுவையில் ஒத்துப்போகாது. பிரிக்காத பேரிங்கோடு அந்த மெஷின் இன்றும் ஓடுகிறது. கோச்சடையில் ஃபென்னர் ஆலை வி-பெல்ட் தயாரிக்கும் ஊர் நம் மதுரை. இங்கே பெல்ட்டுக்குப் பஞ்சமில்லை, பெல்ட்டைச் சந்தேகிக்கும் ஆளுக்குத்தான் பஞ்சம்.

தமிழக அரசு டாடா டெக்னாலஜிஸுடன் சேர்ந்து 71 அரசு ஐடிஐக்களை ரூ.2,877 கோடியில் தரம் உயர்த்தியது, நல்ல காரியம். என்னிடம் வேலை பழக வரும் தம்பிகள் ஜி-கோடு தடுமாறாமல் எழுதுகிறார்கள். ஸ்பிண்டில் ஆட்டம் பார்க்க டயல் கேஜை எங்கே வைப்பாய் என்று கேட்டால் விழிக்கிறார்கள். மெஷின் எழுதியபடி ஓடாதபோது என்ன செய்வது என்பதும் பாடம்தான். அதைச் செய்முறைத் தேர்வில் சேர்க்க வேண்டும்.

மதுரைச் சிறுதொழில் சங்கமான மடீட்சியா நல்ல அதிர்வுமானி ஒன்றை வாங்கிச் சிறு பட்டறைகளுக்கு நாள் வாடகைக்கு விடலாம். புது மெஷின் இறங்கிய வாரமே ஒவ்வொரு வேகத்திலும் அதிர்வை அளந்து நோட்டில் குறித்து வையுங்கள். பின்னால் ஒப்பிட அதைவிட நல்ல ஆதாரம் கிடைக்காது. சர்வீஸ் ஆள் பேரிங் என்று சொன்னால், எந்த அளவைப் பார்த்துச் சொல்கிறார் என்று கேளுங்கள். அதை எழுதி வாங்காமல் ஸ்பிண்டிலில் ஸ்பானர் வைக்க விடாதீர்கள்.