காரு நம்மளது... பேட்டரி யாரது?



போன வாரம் திருப்பூர்ல இருந்து சித்தப்பா போன் பண்ணினாரு. "கண்ணு, நீ ட்ரிபிள் ஈ படிச்சவனாச்சே. எலெக்ட்ரிக் காரு ஒண்ணு பாத்திருக்கேன். பத்து லட்சத்துக்குள்ள வருதுங்கறாங்க. அட்வான்ஸ் குடுத்துடலாமா?"

"பேட்டரியோடவா, பேட்டரி இல்லாமயா சித்தப்பா?"ன்னு கேட்டேன்.

அந்தப் பக்கம் அஞ்சு செகண்டு சத்தமே இல்ல. அப்புறம் கேட்டாரு: "பேட்டரி இல்லாம எப்படிடா காரு ஓடும்?"

அவருக்குச் சொன்ன பதிலைத்தான் இங்கேயும் எழுதறேன். கொஞ்சம் நீளம்தான். ஆனா ஒரு குடும்பத்தோட பல வருஷச் சேமிப்பு சம்பந்தப்பட்ட விஷயம், முழுசா படிங்க.

🔹 முதல்ல கணக்கு

2024 செப்டம்பரில் ஜே.எஸ்.டபிள்யூ எம்.ஜி நிறுவனம் வின்ட்சர் காரை அறிமுகம் செய்தது. விளம்பரத்தில் பெருசா போட்ட விலை 9.99 லட்சம். ஆனா அதுல பேட்டரி விலை கிடையாது. பேட்டரிக்கு அப்போ கிலோமீட்டருக்கு 3.50 ரூபாய்னு தனியா கட்ட வேண்டியிருந்துச்சு. இதுக்குப் பேரு 'பேட்டரி ஆஸ் எ சர்வீஸ்'. பேட்டரியோடு சேர்த்தே வாங்கினால் அப்போதைய ஆரம்ப விலை 13.50 லட்சம்.

வித்தியாசம் 3.51 லட்சம். அதை 3.50 ஆல் வகுத்துப் பாருங்க. கிட்டத்தட்ட 1 லட்சம் கி.மீ. வரும். அதாவது லட்சம் கிலோமீட்டர் ஓட்டினா, பேட்டரியோட முழு விலையையும் கட்டி முடிச்சாச்சு.

சித்தப்பா ஜாப் ஒர்க் யூனிட் வெச்சிருக்காரு. ஈரோடு, கோவை, பல்லடம்னு மாசம் 2,000 கி.மீ. ஓட்டுவாரு. அப்போ பேட்டரிக்கு மட்டும் மாசம் 7,000 ரூபாய். நாலு வருஷம் ரெண்டு மாசத்துல லட்சம் கி.மீ. தாண்டிடும்.

இப்போ அதே 3.51 லட்சத்தை 9% வட்டியில 5 வருஷக் கடனா வாங்கினா? இ.எம்.ஐ. சுமார் 7,300 ரூபாய். கையை விட்டுப் போற பணம் ஏறக்குறைய ஒண்ணுதான். ஆனா கடன் 60ஆவது மாசம் முடியும், பேட்டரி உங்க பேருல நிக்கும். கிலோமீட்டர் வாடகை நீங்க ஓட்ட ஓட ஏறிக்கிட்டே இருக்கும். ரெண்டுலயும் சார்ஜ் போடுற கரண்ட் பில் தனி.

சரி, கம்மியா ஓட்டுறவங்களுக்கு இது லாபம்தானே? லாபமா இருக்கலாம். ஆனா இந்த மாதிரி திட்டங்கள் சிலதுல 'மாசம் குறைஞ்சது 1,500 கி.மீ.க்குக் கட்டணும்'னு ஒரு நிபந்தனை உண்டு. மாசம் 500 கி.மீ. மட்டும் ஓட்டுற ஒரு பள்ளிக்கூட வாத்தியார் அந்த நிபந்தனையில மாட்டினா, 1,750க்கு பதிலா 5,250 ரூபாய் கட்டணும். அவருக்கு கிலோமீட்டர் 3.50 இல்ல, 10.50!

திட்டமே மோசடின்னு நான் சொல்லல. கையில முன்பணம் இல்லாத ஒருத்தருக்கு இது கதவைத் திறக்கும், உண்மை. பேட்டரிக்கான பணத்தை ஒரு நிதி நிறுவனம் போடுது, நாம கிலோமீட்டர் கணக்குல திருப்பிக் கட்டுறோம். இது பெரும்பாலும் வேற சட்டை போட்ட கடன். கடன்னா கடன்னு சொல்லி விற்கட்டும், அவ்வளவுதான்.

🔹 கம்பெனிகள் ஏன் சந்தா பக்கம் ஓடுறாங்க?

பெட்ரோல் கார்ல ஆயில் மாத்தணும், ஃபில்டர் மாத்தணும், ஸ்பார்க் பிளக் மாத்தணும். விற்ற பிறகும் சர்வீஸ்ல காசு வரும். எலெக்ட்ரிக் கார்ல அதுல பாதிக்கு மேல கிடையாது. இன்னொரு பக்கம் விலைப் போர்ல லாபம் கரையுது. அதனால மாசாமாசம் வர்ற வருமானத்தைத் தேடுறாங்க. 2030ல் மென்பொருள், சேவை மூலம் மட்டும் ஆண்டுக்கு 2,000 முதல் 2,500 கோடி டாலர் சம்பாதிப்பதே இலக்கு என்று அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் 2021லேயே முதலீட்டாளர்களிடம் சொன்னது.

டெஸ்லாவைப் பாருங்க. 'ஃபுல் செல்ஃப் டிரைவிங்' மென்பொருளை 2022ல் 15,000 டாலர் வரை விலை வெச்சு வித்தாங்க. 2024 ஏப்ரலில் அது 8,000 ஆச்சு, மாதச் சந்தா 199 டாலரில் இருந்து 99 ஆச்சு. 2026 பிப்ரவரி 14க்குப் பிறகு மொத்தமா விற்பதே கிடையாது, சந்தா மட்டும்தான்னு எலான் மஸ்க் அறிவிச்சாரு. 2025 நவம்பரில் பங்குதாரர்கள் ஒப்புக்கொண்ட அவரோட சம்பளத் திட்டத்துல இருக்கிற இலக்குகளில் ஒண்ணு என்ன தெரியுமா? இந்த மென்பொருளுக்கு 1 கோடி சந்தாதாரர்கள்!

🔹 எல்லாச் சந்தாவும் ஒண்ணு கிடையாது

கண்ணை மூடிக்கிட்டு சந்தாவே கூடாதுன்னு கத்துறது நம்ம வேலை இல்ல. பிரிச்சுப் பார்ப்போம்.

1️⃣ கம்பெனிக்கு மாசாமாசம் உண்மையிலேயே செலவாகிற சேவை. சீனாவின் நியோ 2020ல் பேட்டரி வாடகையைக் கொண்டுவந்தப்போ, கார் விலையில 70,000 யுவான் குறைச்சு, மாசம் 980 யுவான் வாங்கினாங்க. பதிலுக்கு மாற்று நிலையத்துக்குப் போனா சில நிமிஷத்துல சார்ஜ் ஏறின பேட்டரியை மாட்டித் தர்றாங்க. இதுக்குக் காசு கேட்கறது நியாயம்.

2️⃣ கடனையே வாடகையா காட்டுறது. மேலே பார்த்தோம். கணக்கை வெளிப்படையா சொன்னா பிரச்சினை இல்ல.

3️⃣ நீங்க காசு குடுத்து வாங்கின பொருளுக்கே பூட்டு போட்டு, சாவிக்கு வாடகை கேட்கறது. இங்கதான் சண்டை.

2022ல் மெர்சிடீஸ் தன் எலெக்ட்ரிக் கார்களை இன்னும் வேகமா ஓட வைக்க அமெரிக்காவில் ஆண்டுக்கு 1,200 டாலர் கேட்டது. 2025ல் ஃபோக்ஸ்வாகன் பிரிட்டனில் ஐ.டி.3 காரின் முழு சக்தியைத் திறக்க மாசம் 16.50 பவுண்டு கேட்டது. மோட்டார் அதேதான், பேட்டரியும் அதேதான். பணம் கட்டினதும் மாறுறது சாஃப்ட்வேர்ல ஒரு வரம்பு மட்டும். அந்த மோட்டாரோட எடையைச் சுமந்துக்கிட்டுப் போற காரு நம்மளது, அதுக்கு வரி கட்டினதும் நாமதான்.

2017ல் இர்மா புயல் ஃபுளோரிடாவை நெருங்கினப்போ, டெஸ்லா தன் சில கார்களில் சாஃப்ட்வேரால் பூட்டி வெச்சிருந்த பேட்டரிக் கொள்ளளவைத் தற்காலிகமா திறந்து விட்டது. மக்கள் இன்னும் கொஞ்ச தூரம் தப்பிச்சுப் போக முடிஞ்சுது. நல்ல காரியம், மறுக்கல. ஆனா யோசிங்க: தூரத்துல இருந்து திறக்க முடிஞ்ச கை, பூட்டவும் முடியும்தானே?

🔹 கம்பெனியே மூடிட்டா?

இஸ்ரேலில் பேட்டரி மாற்றும் திட்டத்தோடு பெரிய முதலீட்டில் வந்த பெட்டர் பிளேஸ் 2013ல் திவாலாச்சு. அமெரிக்காவின் ஃபிஸ்கர் 2024 ஜூனில் திவால் மனு போட்டது. ஓஷன் கார் வாங்கினவங்க தாங்களே சங்கம் அமைச்சு, சாஃப்ட்வேருக்கும் உதிரி பாகத்துக்கும் அலைய வேண்டியதாச்சு. சந்தாவுல ஓடுற கார்ல இந்த ஆபத்து இன்னும் ஒரு படி அதிகம்.

🔹 நமக்கு இதுல என்ன உரிமை?

நிறைய இருக்கு. இந்தியாவில் எலெக்ட்ரிக் காருக்கு ஜி.எஸ்.டி. 5% மட்டும். பெட்ரோல் காருக்கு 18% அல்லது 40%. அந்தச் சலுகை மக்கள் பணம். சலுகை வாங்குற தொழில், மக்களுக்கு விலையை மறைக்காம சொல்லணும்.

இந்தத் தொழில் நம்ம வாசலுக்கும் வந்தாச்சு. தூத்துக்குடியில் வின்ஃபாஸ்ட் ஆலை 2025 ஆகஸ்டில் திறந்தது. அதே நிறுவனம் சொந்த நாடான வியட்நாமில் பேட்டரி வாடகையோடு கார் வித்துட்டு, பிறகு அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. கொரியாவில் மாதச் சந்தாவுக்கு சீட் ஹீட்டர் கொடுத்த பி.எம்.டபிள்யூ, உலகம் முழுக்க எதிர்ப்பு வந்து 2023ல் பின்வாங்கியது. அதனால கேட்டா மாறும்.

நாம கேட்க வேண்டியது இதுதான்:

✅ விளம்பரத்துல 9.99 லட்சம் எந்த அளவு எழுத்தோ, 5 வருஷ மொத்தச் செலவும் அதே அளவு எழுத்துல இருக்கணும்.
✅ காருக்குள்ள ஏற்கெனவே இருக்கிற பாகத்துக்குப் பூட்டு போடக்கூடாது. போட்டா, ஒரே தடவை வாங்குற விலையும் இருக்கணும்.
✅ காரை விற்கும்போது சந்தா, பேட்டரி ஒப்பந்தம், வாரண்டி எல்லாம் யாருக்குப் போகும்னு முதல் நாளே எழுத்துல வேணும்.
✅ தவணை தவறினாலும், முன்கூட்டியே நோட்டீஸ் இல்லாம வண்டியை நிறுத்தக்கூடாது.
✅ கம்பெனி மூடினா சாஃப்ட்வேரும் சர்வீஸும் தொடர ஏற்பாடு இருக்கணும்.

இதுக்குச் சட்டத்துல அடித்தளம் இருக்கு. 2023ல் மத்திய அரசு கொண்டுவந்த ஆன்லைன் ஏமாற்று உத்திகளுக்கு எதிரான வழிகாட்டுதல்களில், சந்தாப் பொறியும், விலையைத் துண்டு துண்டா காட்டுறதும் தடை செய்யப்பட்டிருக்கு. ஆன்லைன்ல தப்புன்னா ஷோரூம்லயும் தப்புதானே? அதையும் விதியில சேர்க்கச் சொல்லணும். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நியாயமற்ற ஒப்பந்தத்தை எதிர்த்து மாநில ஆணையத்துக்குப் போக வழி தருது. சந்தேகம் இருந்தா நுகர்வோர் உதவி எண் 1915.

சித்தப்பா இன்னும் அட்வான்ஸ் குடுக்கல. "மாசம் எத்தனை கி.மீ.க்குக் குறைஞ்சபட்சக் கட்டணம், எத்தனை வருஷம், முடிஞ்சதும் பேட்டரி யாருக்கு?"ன்னு மூணு கேள்வியை ஷோரூம்ல கேட்டிருக்காரு. "எழுதிக் குடுங்க, அப்புறம் பேசலாம்"னு சொல்லிட்டு வந்துட்டாராம். பேப்பர் வந்ததும் எனக்கு வாட்ஸ்அப்ல அனுப்புவாரு. ரெண்டு பேரும் உக்காந்து கணக்குப் போடுவோம்.

உங்க வீட்டுலயும் யாராவது எலெக்ட்ரிக் காரு பாத்துக்கிட்டு இருந்தா, கையெழுத்துக்கு முன்னாடி இந்தப் பதிவை அவங்களுக்கு அனுப்பி வைங்க. உங்களுக்கு வந்த ஒப்பந்தத்துல புரியாத நிபந்தனை இருந்தா கமெண்ட்ல போடுங்க, சேர்ந்து படிப்போம்.

#முழுவிலையைச்_சொல் #வாங்கினது_நம்மளது