விண்ணப்பத்தின் வலிமை

மக்கள் கூடி வாழும் நாட்டில் குறைகள் தோன்றுதல் இயல்பு. குறையே இல்லாத ஆட்சி இவ்வுலகில் எங்கும் இருந்ததில்லை. ஆயினும், குடிமக்கள் தம் குறையை அஞ்சாது எடுத்துரைக்கவும், ஆள்வோர் அதனைச் செவிகொடுத்துக் கேட்கவும் வழியுள்ள நாடே நல்ல நாடு எனப்படும். அவ்வழிகளுள் மிகப் பழமையானதும் மிக எளியதும் விண்ணப்பம் ஆகும். வாளும் வேலும் இன்றி, வன்சொல்லும் இன்றி, ஓர் ஓலையாலோ ஒரு தாளாலோ எளியவன் வலியவனிடம் நீதி கேட்கும் முறை அது. இந்நாளில் அவ்விண்ணப்பம் ஓலையையும் தாளையும் கடந்து, இணையத்தின் வாயிலாக ஒரே நாளில் ஆயிரக்கணக்கானோர் கையொப்பத்தைப் பெறும் நிலையை அடைந்துள்ளது. இப்புதிய கருவியால் விளையும் பயன் யாது? அதனைக் குடிமக்கள் எங்ஙனம் கையாளுதல் வேண்டும்? இவ்விரண்டும் மாணவர் சிந்தித்தற்குரிய வினாக்களாம்.

அரசனின் வாயிலில் ஆராய்ச்சி மணி கட்டியிருந்த கதையைத் தமிழ்நாட்டில் அறியாத சிறுவர் இலர். கன்றை இழந்த பசு அம்மணியை அசைத்தது. மனுநீதிச் சோழன் எழுந்து வந்தான். வாய் பேசாத உயிரின் முறையீடும் அரசன் செவியை எட்டுதல் வேண்டும் என்பதே அக்கதையின் உட்பொருள். அதிகாரிகள் சிற்றூர்களுக்கே சென்று மக்களிடம் மனுப் பெறும் நாளுக்குத் தமிழ்நாட்டில் ‘மனுநீதி நாள்’ என்றே பெயர் வழங்குகின்றது. பழங்கதையின் நினைவு அரசாங்கத்தின் நடைமுறையிலும் இவ்வாறு நிலைபெற்றுள்ளது.

கதையோடு அமையாமல் வரலாற்றிலும் இதற்குச் சான்று உண்டு. பொருநையாறு கடலொடு கலக்கும் இடத்திற்கு அண்மையில் உள்ள கொற்கை, பாண்டியரின் பழந்துறைமுகம். அவ்வூர்க் கிழாரின் குடிக்குப் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதி வேள்விக்குடி என்னும் ஊரைக் கொடையாக அளித்தான். பின்னர்க் களப்பிரர் காலத்தில் அக்கொடை பறிபோயிற்று. நெடுங்காலம் கழிந்தபின், கி.பி. எட்டாம் நூற்றாண்டில், அக்குடியில் தோன்றிய நற்சிங்கன் என்பவன் நெடுஞ்சடையன் என்னும் பாண்டியன்முன் முறையிட்டான். அரசன் அவனை விரட்டவும் இல்லை. அவன் சொல்லை அப்படியே நம்பிவிடவும் இல்லை. பழைய உரிமையை நாட்டார் சான்றுகொண்டு மெய்ப்பிக்குமாறு பணித்தான். நற்சிங்கன் மெய்ப்பித்தான், ஊர் அவனுக்கு மீண்டது. இச்செய்தியை வேள்விக்குடிச் செப்பேடு உரைக்கின்றது. கேட்கும் உரிமை குடிமகனுக்கு உண்டு. கேட்டதை மெய்ப்பிக்கும் கடமையும் அவனுக்கு உண்டு. கேட்டு ஆராயும் கடமை அரசுக்கு உண்டு. விண்ணப்பத்தின் இலக்கணம் முழுவதும் இந்நிகழ்ச்சியில் அடங்கியிருத்தல் காணலாம்.

அயலார் ஆண்ட காலத்திலும் விண்ணப்பமே மக்களின் முதற்படைக்கலமாக விளங்கிற்று. 1852-ஆம் ஆண்டில் கஜுல லட்சுமிநரசு செட்டியார் முதலியோர் சென்னையில் ஒரு சங்கம் அமைத்து, இங்கிலாந்துப் பாராளுமன்றத்திற்கு விண்ணப்பம் விடுத்தனர். வரி தண்டும் அலுவலர் உழவரைத் துன்புறுத்தும் கொடுமை அதில் எடுத்துரைக்கப்பட்டது. மறு ஆண்டில் டான்பி சீமோர் என்னும் பாராளுமன்ற உறுப்பினர் சென்னை மாகாணத்திற்கு வந்து நிலைமையை நேரில் அறிந்தார். 1854-இல் விசாரணைக் குழு அமைந்தது. 1855-இல் வெளிவந்த அதன் அறிக்கை, அக்கொடுமைகள் உண்மையே என்று உலகறியச் செய்தது. கடல் கடந்து செல்லத் திங்கள் பல ஆகிய அக்காலத்தில், ஒரு தாள்கட்டு இத்துணைச் செயல் புரிந்தது வியப்புக்குரியதன்றோ?

இன்று விண்ணப்பம் இரந்து பெறும் சலுகை அன்று. சட்டம் வழங்கிய உரிமையாகும். இந்திய அரசியலமைப்பின் 350-ஆம் பிரிவு, குறைகளைக் களைய வேண்டி ஒன்றிய அரசின் அலுவலருக்கும் மாநில அரசின் அலுவலருக்கும் விண்ணப்பிக்க ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு என்கின்றது. ஒன்றியத்திலோ அம்மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் அவ்விண்ணப்பம் அமையலாம் என்பதும் அப்பிரிவின் கருத்து. எனவே, ஆங்கிலம் அறியாத முதியவள் தன் தாய்மொழியில் எழுதுவித்த மனுவுக்கும், பட்டம் பெற்றவர் எழுதிய மனுவுக்கும் சட்டத்தின் முன் வேற்றுமை இல்லை. 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் மற்றொரு துணையாகும். அதன்படி கேட்ட செய்திக்குப் பொதுவாக 30 நாள்களுக்குள் விடை கிடைத்தல் வேண்டும்.

திருநெல்வேலியில் தாமிரபரணியின் கரையில் கொக்கிரகுளம் என்னும் பகுதி உள்ளது. மாவட்ட ஆட்சியர் அலுவலகம் அமைந்திருப்பது அங்கேதான். திங்கட்கிழமைகளில் நடைபெறும் குறைதீர்க்கும் நாளில் நிலத்தகராறு உற்றோரும், முதியோர் உதவித்தொகை வேண்டுவோரும், குடிநீர் பெறாத ஊராரும் மனுவுடன் அங்கே வந்து நிற்பர். பேருந்துச் செலவும் ஒரு நாட்கூலியும் இழந்து வரும் அவர்களுடைய கையிலுள்ள தாள் சிறிது. அதன்மேல் அவர்கள் வைத்துள்ள நம்பிக்கை பெரிது.

அந்நம்பிக்கை சிதைந்தால் விளைவது யாது என்பதையும் அவ்வாற்றங்கரையே கண்டது. மேற்குத் தொடர்ச்சி மலையிலுள்ள மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் கூலி உயர்வு வேண்டிப் போராடினர், பலர் சிறைப்பட்டனர். அவர்களை விடுவிக்கவும், கூலியை உயர்த்தவும் வேண்டி, 1999 ஜூலை 23-ஆம் நாள் தொழிலாளரும் அரசியல் கட்சியினரும் ஆட்சியரிடம் மனு அளிக்க ஊர்வலமாகச் சென்றனர். அலுவலகத்தின் அருகே அவர்கள் தடுத்து நிறுத்தப்பட்டனர். காவலர் தடியடி நடத்தினர். சிதறி ஓடியோர் ஆற்றில் இறங்கினர். அன்று மாண்டோர் 17 பேர். அவருள் பெண்டிரும் ஒரு பச்சிளங் குழந்தையும் இருந்தனர். பிற்பாடு விசாரணை நடந்தது. ஆண்டுதோறும் அந்நாளில் ஆற்றில் மலர் தூவி அவர்களை நினைவுகூர்கின்றனர். மனுவைப் பெற்றுக்கொள்ள ஒரு கை நீளுமாயின், அதனைக் கொண்டுவந்த கூட்டம் அமைதியாகக் கலையும். அக்கை நீளாதபோது விண்ணப்பம் பயனற்றதாகி, விலைமதிப்பற்ற உயிர்கள் விலையாகின்றன. மக்களாட்சியில் ஆள்வோர் மறக்கலாகாத பாடம் இது.

இணையவழி விண்ணப்பத்தின் நன்மை இவ்விடத்தில் புலனாகின்றது. மலையிலிருந்து நகருக்கு வர இயலாதவனும், வெளிநாட்டில் உழைப்பவனும், உடல் நலிந்தவனும் இருந்த இடத்திலிருந்தே தம் குரலைச் சேர்க்கலாம். கூட்டமும் இல்லை, தடியடியும் இல்லை. ஓர் ஊரின் துன்பம் உலகின் செவிக்கு எட்டுகின்றது.

கொடைக்கானல் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. அங்கே இயங்கிய பாதரச வெப்பமானித் தொழிற்சாலையின் கழிவு வெளியே கொட்டப்பட்டமை தெரியவரவே, 2001-இல் ஆலை மூடப்பட்டது. தம் உடல்நலம் கெட்டது என்று முன்னாள் தொழிலாளர் முறையிட்டனர். ஆண்டுகள் பல சென்றன. 2015 ஜூலையில் சோபியா அஷ்ரப் என்னும் இளம் பாடகி அக்குறையைப் பாட்டாகப் பாடி இணையத்தில் வெளியிட்டார். அதனோடு ஓர் இணையவழி விண்ணப்பமும் பரவிற்று. பல நாட்டவர் அதில் ஒப்பமிட்டனர். 2016 மார்ச்சில் இந்துஸ்தான் யூனிலீவர் நிறுவனம் 591 முன்னாள் தொழிலாளருடன் உடன்படிக்கை செய்துகொண்டது.

அதே காலத்தில் மற்றொரு நிகழ்ச்சியும் நடந்தது. இணையத்தில் சில தளங்களுக்கு மட்டும் கட்டணச் சலுகை அளித்தல் தகுமா என்று இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2015-இல் மக்கள் கருத்தைக் கேட்டது. பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் வந்து குவிந்தன. 2016 பிப்ரவரியில், தளத்திற்குத் தளம் வேறுபட்ட கட்டணம் பெறுதல் கூடாது என ஆணையம் விதித்தது.

இவற்றைக் கண்டு, விரல் நுனியால் தொட்டவுடன் உலகம் மாறிவிடும் என்று எண்ணுதல் பிழையாகும். நெல்லையப்பர் கோயிலின் ஆனித் தேரோட்டத்தைக் கண்டவர் இதனை எளிதில் உணர்வர். வானளாவிய அத்தேர் மக்கள் கையால் நகர்வது. வடத்தைப் பற்றிய ஒவ்வொரு கையும் தேருக்கு உதவுகின்றது. எனினும், வடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அகலும் கைகளால் தேர் நகர்வதில்லை. ஊன்றி நின்று இழுப்போரே அதனை நிலைக்குக் கொண்டு சேர்க்கின்றனர். இணையத்தில் ஒப்பமிடுதல் வடத்தைத் தொடுதல் போன்றது. அதன்பின் இழுத்தல் வேண்டும். கொடைக்கானலில் ஆலை மூடியதற்கும் உடன்படிக்கைக்கும் இடையே 15 ஆண்டுகள் கழிந்தன. அவ்வாண்டுகளில் தொழிலாளர் சோர்வின்றி வழக்காடிச் சான்று திரட்டியமையால் அன்றோ, ஒரு பாட்டும் ஒரு விண்ணப்பமும் இறுதியில் பயன் தந்தன!

கையொப்பத்தின் எண்ணிக்கை ஒன்றே போதும் என்பதும் தவறு. பிரிட்டனில் பாராளுமன்றத்தின் இணையதளத்தில் இடும் விண்ணப்பம் 10,000 ஒப்பம் பெற்றால் அரசு விடையளிக்கும். 1,00,000 ஒப்பம் பெற்றால் அவையில் விவாதிப்பது பற்றி எண்ணிப் பார்க்கப்படும். இந்தியாவில் தனியார் தளங்களில் திரளும் ஒப்பங்களுக்கு அத்தகைய சட்டக் கட்டுப்பாடு இல்லை. ஆகவே, உரிய அலுவலரிடம் முறைப்படி சேராத விண்ணப்பம், முகவரி எழுதாத மடலைப் போன்றதே. 2021-இல் தமிழ்நாடு அரசு தோற்றுவித்த ‘முதல்வரின் முகவரி’ போன்ற அரசுத் தளங்களில் மனுவைப் பதிந்தால், அதற்கு ஓர் எண் கிடைக்கும். அவ்வெண்ணைக்கொண்டு மனுவின் நிலையைத் தொடர்ந்து வினவலாம். தனியார் தளத்தில் ஊரின் உள்ளத்தைத் திரட்டி, அரசுத் தளத்தில் அதனைச் சேர்ப்பித்தல் அறிவுடைமையாகும்.

தாமிரபரணியையே பொருளாகக் கொண்டு இதனை விளக்கலாம். பொதிகையில் தோன்றிப் புன்னைக்காயலில் கடல் சேரும் இவ்வாறு, நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களுக்கு வயல்நீரும் குடிநீருமாய் விளங்குகின்றது. அதில் நகரின் சாக்கடை கலத்தல் பெருங்குறை. ‘ஆற்றைக் காப்பாற்றுங்கள்’ என்று மட்டும் எழுதினால் அது புலம்பலாகும். எந்தப் படித்துறையின் அருகே, எந்த ஓடை வழியாக, எந்நாளில் கழிவுநீர் கலந்தது என்பதைப் படத்துடன் காட்டுதல் வேண்டும். அதனைத் தடுக்கும் பொறுப்பு மாநகராட்சிக்கா, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திற்கா என ஆராய்தல் வேண்டும். செய்ய வேண்டிய செயல் இன்னது என்று தெளிவாகக் கேட்டால் அது விண்ணப்பமாகும். ஆற்றின் தூய்மை வேண்டித் தொடுத்த பொதுநல வழக்கில், 2024 நவம்பரில் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை நீதிபதிகள் ஆற்றங்கரைக்கே வந்து நேரில் பார்வையிட்டனர். ஆராய்ச்சி மணி கேட்டு எழுந்து வந்த அரசனின் செயலை அது நினைவூட்டுகின்றது.

எல்லா விண்ணப்பமும் வெற்றி பெறுவதில்லை என்பதையும் உணர்தல் வேண்டும். கங்கைகொண்டான் தொழிற்பேட்டையிலுள்ள குளிர்பான ஆலைகளுக்குத் தாமிரபரணி நீரை வழங்கலாகாது என்று தொடுத்த வழக்கில், 2016 நவம்பரில் இடைக்காலத் தடை கிடைத்தது. 2017 மார்ச்சில் வழக்குகள் தள்ளுபடியாயின. தோல்வி கண்டு வெகுளாது, தம் சான்றில் குறை உண்டோ என ஆராய்ந்து, மீண்டும் முறையிடுதலே குடிமக்களுக்கு அழகு.

இப்புதிய கருவிக்கும் தீமைகள் சில உண்டு. பொய்ச்செய்தியை நம்பி ஆயிரவர் ஒப்பமிட்டாலும் பொய் மெய்யாகாது. குற்றமற்ற ஒருவரின் நற்பெயர் ஒரே இரவில் அழியக்கூடும். ஒருவரே பல பெயரில் ஒப்பமிடும் வஞ்சகமும் நடைபெறுகின்றது. ஒப்பமிடுவோரின் தொலைபேசி எண்ணையும் முகவரியையும் திரட்டி வணிகம் செய்வாரும் உளர். இவற்றினும் பெரிய குறை ஒன்று உண்டு. கைபேசி இல்லாத ஏழையின் குரல், கைபேசி உடையோரின் ஆரவாரத்தில் அமிழ்ந்துவிடலாகாது. இணையம் வந்துவிட்டது என்று கூறி, அலுவலக வாயிலில் தாளுடன் நிற்கும் முதியவளைத் திருப்பி அனுப்பும் அரசு, நல்லரசு ஆகாது.

ஆகவே, ஒப்பமிடுமுன் படித்தல் வேண்டும். படித்ததை உண்மையோ என ஆராய்தல் வேண்டும். ஒப்பமிட்டபின் அதன் முடிவு யாதாயிற்று என வினவுதல் வேண்டும். எழுதத் தெரியாத அண்டை வீட்டார்க்கு மனு எழுதித் தருதலும் கற்றவர் கடனே. பள்ளியில் கற்கும் கடிதப் பயிற்சி தேர்வில் மதிப்பெண் பெறுதற்கு மட்டும் உரியதன்று. ஒரு தெருவுக்குக் குடிநீரும், ஒரு முதியவளுக்கு உதவித்தொகையும் பெற்றுத் தரவல்லது. பாண்டியன் முன் நின்ற நற்சிங்கனிடம் இருந்தது உண்மையும் அதற்குரிய சான்றுமே. ஓலை மறைந்து தாள் வந்தது. தாளோடு இணையமும் வந்தது. கருவிகள் எத்துணை மாறினும், உண்மையும் சான்றும் விடாமுயற்சியுமே விண்ணப்பத்திற்கு வலிமை தருவன.