மீசை ஒட்டிய புதுமை

பாகம் 2, பாகம் 3 என்றே கேம்கள் வருகின்றனவே, புதிதாக யோசிக்க ஆளே இல்லையா என்று அலுத்துக்கொள்பவர்களிடம் நான் எடுத்துவிடுவது சூப்பர் மரியோவின் கதையை. அதற்கு இரண்டாம் பாகம் என்ற பெயரில் இரண்டு கேம்கள் உண்டு.

1985-இல் நின்டெண்டோ வெளியிட்ட முதல் பாகம் சக்கைப்போடு போட, அடுத்த ஆண்டே ஜப்பானில் ‘2’ வந்துவிட்டது. அதே செங்கல், அதே குழாய், அதே ஆமை. கஷ்டம் மட்டும் ஏகத்துக்கும் கூடியிருந்தது. தொட்டால் ஆளைக் காலி செய்யும் விஷக் காளான். தாவும்போது தள்ளிவிடும் காற்று. போதாக்குறைக்கு, குறுக்குவழி என்று நம்பி மூன்றாம் உலகத்தில் ஒரு குழாய்க்குள் இறங்கினால் முதல் உலகத்தில் கொண்டுபோய் விடும்! முதல் பாகத்தைக் கரைத்துக் குடித்தவர்களுக்கான சமாச்சாரம். நின்டெண்டோவின் அமெரிக்கக் கிளையில் புதுக் கேம்களை ஆடிப் பார்த்துக் கருத்துச் சொல்லிவந்த ஹோவர்ட் பிலிப்ஸுக்கு இது பிடிக்கவில்லை. செய்யாத குற்றத்துக்குத் தண்டனை வாங்குவதுபோல் இருந்ததாம்.

அமெரிக்காவுக்கு என்ன அனுப்புவது? ஃபுஜி டிவி நடத்திய ஒரு விழாவை ஒட்டி 1987-இல் நின்டெண்டோ செய்துகொடுத்த ‘டோக்கி டோக்கி பேனிக்’ கையில் இருந்தது. அரபுக் கதை உடையில் ஒரு குடும்பம், நான்கு பேர். அவர்களை எடுத்துவிட்டு மரியோ, லூயிஜி, இளவரசி, டோட் நால்வரையும் பொருத்தி, 1988-இல் ‘சூப்பர் மரியோ பிரதர்ஸ் 2’ என்று விற்றார்கள். 70 லட்சத்துக்கும் மேல் விற்றது.

இதில் எதிரியின் தலையில் குதித்தால் அவன் சாகமாட்டான். அவன்மேல் நின்றபடி சவாரி போகலாம், அப்படியே தூக்கி அடுத்தவன்மேல் வீசலாம். மண்ணிலிருந்து காய்கறியைப் பிடுங்கி அடிக்கலாம். முதல் பாகத்தில் கோட்டைக்குள் காத்திருந்த இளவரசி இதில் அந்தரத்தில் மிதந்து போகிறார். லூயிஜி தோற்றத்தில் அதுவரை பச்சை பூசிய மரியோதான். அந்தக் குடும்பத்தின் நெட்டையான அம்மா இடத்தில் அவரைப் போட்டதால்தான் உயரமும், காலை உதறிக்கொண்டு தாவும் தாவலும் வந்தன. ஆள்மாறாட்டத்தில் கிடைத்த அடையாளம்!

ஆக, அச்சு அசலாக மரியோ மாதிரி இருந்தது ஓரங்கட்டப்பட்டது. மரியோவே இல்லாதது மரியோ ஆகிவிட்டது. இன்னொன்றும் உண்டு. டோக்கி டோக்கி பேனிக்கின் வித்து, நின்டெண்டோவின் கென்சுகே தனபே மரியோ பாணியில் செய்து பார்த்த ஒரு சோதனை கேம்தான். மேல்நோக்கி நகரும் திரையில் இருவர் ஆடுவதாக இருந்தது; சரிப்படாமல் கிடப்பில் போனது.

அதனால் அட்டையில் இருக்கும் எண்ணை வைத்து நான் எதையும் எடைபோடுவதில்லை. போன பாகத்தில் செய்யாத எதையாவது இதில் என் கை செய்கிறதா என்றுதான் பார்ப்பேன். இதைச் சொல்லும்போதே, பேர்தான் விற்கிறது என்றும் ஒப்புக்கொள்ளவேண்டும். அத்தனை புதுமையும் மரியோவின் மீசையை ஒட்டிக்கொண்டுதான் உலகம் சுற்றியது. அந்தக் கேமில் வந்த முகமூடி அணிந்த ஷை கய், கால் முளைத்த வெடிகுண்டு எல்லாம் இன்று மரியோ கேம்களின் நிரந்தரவாசிகள். 1992-இல் இதே கேம் ‘சூப்பர் மரியோ யுஎஸ்ஏ’ என்ற பெயரில் ஜப்பானுக்கே திரும்பி வந்தது. அந்த அரபு உடைக் குடும்பத்துக்குத்தான் இரண்டாம் பாகம் வரவேயில்லை.