ஊர்க் கணக்கை ஊர் பார்க்க வேண்டும்

திருவள்ளூர் மாவட்டத்தின் திருவாலங்காடு ஒன்றியத்தில் ஒரு குடிநீர்த் தொட்டி கட்ட வேண்டும் என்றால் முதலில் எழும் கேள்வி, எத்தனை பேருக்கு என்பது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் விடை 2011-லேயே நிற்கிறது. 2021-ல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு கொரோனாவைக் காரணம் காட்டித் தள்ளிவைக்கப்பட்டு, 2027 மார்ச் 1-ஐக் கணக்கு நாளாகக் கொண்டு நடக்கும் என்று அறிவிக்கப்பட்டிருக்கிறது. இடைப்பட்ட பதினாறு ஆண்டுகளில் இந்த மாவட்டம் அசையாமல் இருந்துவிடவில்லை. 2001-ல் 27,54,756 ஆக இருந்த திருவள்ளூர் மாவட்ட மக்கள்தொகை 2011-ல் 37,28,104 ஆனது. தமிழ்நாடு முழுவதும் 15.6 சதவீதம் வளர்ந்த அந்தப் பத்தாண்டில் இந்த மாவட்டம் 35 சதவீதம் வளர்ந்தது. அதன் பிறகும் சென்னை மேற்கே விரிந்தது. கும்மிடிப்பூண்டியிலும் தேர்வாய்கண்டிகையிலும் தொழிற்சாலைகள் பெருகின. ஆனால் நிதி ஒதுக்கீட்டுக்கும் திட்டங்களுக்கும் இன்னமும் பழைய எண்ணே அடிப்படை.

புதிய கணக்கெடுப்பு இந்தக் குறையில் ஒரு பகுதியைத் தீர்க்கும். முழுவதையும் தீர்க்காது. பத்தாண்டுக்கு ஒருமுறை தில்லியிலிருந்து வரும் எண்ணுக்காக ஊராட்சிகள் காத்திருக்கத் தேவையில்லை. வீடு, வருமானம், மக்கள்தொகை ஆகிய மூன்றிலும் அரசிடம் ஏற்கெனவே இருக்கும் விவரங்களை ஊராட்சிவாரியாகத் தொகுத்து, தனிநபர் பெயர்களை நீக்கி, ஆண்டுதோறும் தமிழில் வெளியிட வேண்டும். அதைக் கிராம சபையில் படித்துக் காட்ட வேண்டும். இதைத் தமிழ்நாடு அரசு ஆணையாகவே பிறப்பிக்க வேண்டும் என்பது நமது நிலைப்பாடு.

அரசுக்கு ஊரைத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. பிறப்பும் இறப்பும் கிராம நிர்வாக அலுவலரின் பதிவேட்டில் இருக்கின்றன. கர்ப்பிணிகள் எத்தனை பேர் என்பது கிராம சுகாதார செவிலியருக்குத் தெரியும். ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் எத்தனை பேர் என்பது அங்கன்வாடிக்குத் தெரியும். வீட்டு வரிப் பதிவேடு கணினிக்கு வந்து, வரியை இணையத்திலேயே கட்ட முடிகிறது. எந்த நியாயவிலைக் கடையில் எத்தனை குடும்ப அட்டைகள் என்பதைப் பொது விநியோகத் துறையின் இணையதளத்தில் யாரும் பார்க்கலாம். இவை ஒவ்வொன்றும் ஒவ்வொரு துறையின் அலமாரியில் தனித்தனியாக இருக்கின்றன. ஒரே குடும்பம் ஐந்து முறை ஐந்து பேரிடம் ஒரே விவரத்தைச் சொல்கிறது. அந்த ஐந்தையும் கூட்டிய ஊர்க் கணக்கை மட்டும் யாரும் திருப்பிச் சொல்வதில்லை.

இதனால் யாருக்கு இழப்பு என்பதற்கு வீட்டுத் திட்டங்களே சாட்சி. பிரதமரின் ஊரக வீட்டு வசதித் திட்டத்துக்கான தேர்வு, 2011-ல் தொடங்கிய சமூகப் பொருளாதார சாதிவாரிக் கணக்கெடுப்பை அடிப்படையாகக் கொண்டது. அதில் விடுபட்டவர்களுக்காகப் பின்னர் மறு கணக்கெடுப்பும் வந்தது. மாநில அரசு 2024-ல் அறிவித்த ‘கலைஞரின் கனவு இல்லம்’ திட்டம், 2030-க்குள் 8 லட்சம் கான்கிரீட் வீடுகள் கட்டி, குடிசையில்லாத் தமிழ்நாட்டை உருவாக்குவதாகச் சொல்கிறது. ஒரு வீட்டுக்கு 3.50 லட்சம் ரூபாய். வரவேற்க வேண்டிய திட்டம். ஆனால் ஓர் ஊரில் மொத்தம் எத்தனை கூரை வீடுகள், அவற்றில் எத்தனைக்குப் பட்டா உண்டு, எத்தனை கட்டி முடிந்தன, எத்தனை பாக்கி என்ற நான்கு எண்களும் ஊருக்குத் தெரிந்தால்தான் பட்டியல் நேர்மையானதா என்று கேட்க முடியும். பயனாளி பெயர் மட்டும் தெரிந்தால் பொறாமைதான் வளரும். மொத்தக் கணக்கும் தெரிந்தால் கேள்வி வளரும். பட்டா இல்லாததால் எந்தத் திட்டத்துக்குள்ளும் வர முடியாமல் ஏரிப் புறம்போக்கில் குடியிருக்கும் இருளர் குடும்பங்கள் எத்தனை என்ற எண் பொதுவில் வந்தால், முதலில் பட்டா கொடுங்கள் என்று கேட்க வழி பிறக்கும்.

வருமானத்தில் நிலைமை இன்னும் மோசம். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வருமானத்தைக் கேட்பதே இல்லை. சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பு கேட்டது; நாட்டின் ஊரகக் குடும்பங்களில் கிட்டத்தட்ட முக்கால்வாசியில், அதிகம் சம்பாதிப்பவரின் மாத வருமானமே 5,000 ரூபாய்க்கும் குறைவு என்று 2015-ல் வெளியான அதன் முடிவு சொன்னது. அதன் பிறகு வருமானத்தை அரசு அளக்காமல் விட்டுவிடவில்லை. 2023-ல் கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்கு ஆண்டு வருமானம் இரண்டரை லட்சம், நில அளவு, 3,600 யூனிட் மின்சாரம் என்று வரம்புகள் வகுக்கப்பட்டன. ஏறத்தாழ 1.63 கோடி விண்ணப்பங்கள் வந்து, முதல் கட்டத்தில் 1.06 கோடிப் பேர் தேர்வானார்கள். விடுபட்டவர்களுக்குக் குறுஞ்செய்தியில் காரணம் சொல்லப்பட்டது. மேல்முறையீட்டுக்கும் வழி இருந்தது. ஒரு குடும்பத்தை நிராகரிக்கப் பல துறைகளின் பதிவேடுகளை ஒன்றுசேர்க்க அரசால் முடிந்தது. அதே பதிவேடுகளைச் சேர்த்து, இந்த ஊராட்சியில் எத்தனை விண்ணப்பம், எத்தனை ஏற்பு, எந்தக் காரணத்துக்காக எத்தனை நிராகரிப்பு என்று ஊருக்குச் சொல்வதற்கும் அரசால் முடியும்.

மக்கள்தொகைக்கு வருவோம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் ஆலைகளை நம்பி பிஹார், ஒடிசா, ஜார்க்கண்ட் மாநிலத்தவர் சுற்றுவட்டார ஊர்களில் அறை எடுத்துத் தங்குகிறார்கள். அந்த ஊராட்சிகளின் தண்ணீரையும் சாலையையும் துப்புரவுப் பணியையும் அவர்களும் பயன்படுத்துகிறார்கள்; ஊராட்சிக்கு வரும் மானியக் கணக்கில் பலர் இல்லை. உள்ளூர்க்காரருக்குத் தண்ணீர் பற்றவில்லை, வந்தவருக்கோ வசதியே இல்லை. இருவரும் ஒருவரையொருவர் குறை சொல்கிறார்கள். இன்னொரு பக்கம், செங்கல் சூளைக்குக் குடும்பத்தோடு போகும் தொழிலாளர்கள் கணக்கெடுப்பாளர் வரும் நாளில் சொந்த ஊரில் இருப்பதில்லை. வந்தவரும் போனவரும் கணக்கில் ஏறாத இடத்தில் எந்தத் திட்டமும் அளவாக அமையாது.

ஊர்க் கணக்கை எழுதிவைப்பது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. 1905-ல் கிடைத்த திருவாலங்காட்டுச் செப்பேடுகள், முதலாம் ராசேந்திர சோழன் பழையனூரைத் திருவாலங்காட்டுக் கோயிலுக்கு வழங்கியதைப் பதிவுசெய்கின்றன. பெண் யானையை நடத்தி எல்லை குறித்ததும், அந்த எல்லைகளும், நெல்லாகவும் பொன்னாகவும் வர வேண்டிய வரியும், சம்பந்தப்பட்ட அதிகாரிகளின் பெயர்களும் செம்பில் பொறிக்கப்பட்டன. அது மன்னராட்சி, கணக்கு வரிக்காகவும் கோயிலுக்காகவும். மக்களாட்சியில் கணக்கு யாருக்காக என்பதில் ஐயம் இருக்கக் கூடாது.

இது நடக்காத காரியமும் அல்ல. ராஜஸ்தானில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற அமைப்பு 1994 முதல் ஊர்ப் பொதுவில் கணக்கை உரக்கப் படித்துக் காட்டி நடத்திய மக்கள் விசாரணைகளே தகவல் உரிமைச் சட்டத்துக்கு வித்திட்டன. அதே மாநிலம் 2019-ல் தொடங்கிய ஜன் சூச்னா இணையதளம், பல துறைகளின் திட்ட விவரங்களை ஊராட்சி அளவில் ஒரே இடத்தில் காட்டுகிறது. கேரளம் உள்ளாட்சிகள் வழியாகவே கணக்கெடுத்து, மிக வறிய குடும்பங்கள் 64,006 என்று கண்டறிந்து, குடும்பத்துக்கொரு திட்டம் வகுத்தது. உள்ளாட்சியின் கையில் கணக்கு இருந்ததால் நடந்தவை இவை.

தனிநபர் அந்தரங்கம் பற்றிய கவலை நியாயமானது. நான்கு இருளர் குடும்பங்கள் மட்டுமே உள்ள ஒரு குக்கிராமத்தின் வருமான அட்டவணையை வெளியிட்டால், பெயர் எழுதாமலேயே நால்வரையும் காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே எண்ணிக்கை மிகச் சிறிதாக உள்ள இடங்களில் விவரத்தை அடுத்த அலகோடு சேர்த்தே தர வேண்டும். 1948-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்புச் சட்டம் தனிநபர் பதில்களை ரகசியமாகக் காக்கிறது. அதில் கை வைக்க யாரும் கேட்கவில்லை. ஆனால் 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவைத் திருத்தியதைக் காட்டி, ஊரின் மொத்த எண்ணிக்கையையும் மறுக்கும் வழக்கம் வந்துவிடக் கூடாது. கூட்டுத்தொகை எவருடைய அந்தரங்கமும் அல்ல. கேட்காமலேயே தகவலை வெளியிட வேண்டிய கடமையைத் தகவல் உரிமைச் சட்டத்தின் நான்காம் பிரிவு 2005-லிருந்தே அரசு அலுவலகங்கள் மீது சுமத்தியிருக்கிறது.

ஊராட்சிச் செயலருக்கு ஏற்கெனவே வேலை அதிகம் என்பதும் உண்மைதான். புதிய கணக்கெடுப்பை அவர் தலையில் கட்டத் தேவையில்லை. துறைகளிடம் இருப்பதை மாவட்ட நிர்வாகம் கூட்டித் தரட்டும். ஊராட்சி அதைச் சரிபார்த்து, பலகையில் எழுதட்டும். இணையம் மட்டும் போதாது. ஆங்கிலத்திலும் சுருக்கக் குறிகளிலும் கிடக்கும் அட்டவணை, மனுவோடு நிற்கும் பெண்ணுக்குப் பயன்படாது.

2019 டிசம்பரில் தேர்வான ஊராட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்ததும் நிர்வாகம் தனி அலுவலர்களிடம் சென்றது. கேள்வி கேட்கத் தலைவரோ வார்டு உறுப்பினரோ இல்லாத காலத்தில் கணக்கைத் திறந்துவைப்பது கூடுதல் அவசியம்.

எனவே அரசு செய்ய வேண்டியவை நான்கு. திருவாலங்காடு, கும்மிடிப்பூண்டி ஆகிய இரு ஒன்றியங்களில் இதை உடனே முன்னோட்டமாகத் தொடங்க வேண்டும். ஒன்று விவசாயத்தையும் கரும்பையும் நம்பிய ஒன்றியம், மற்றது ஆலைகளை நம்பியது என்பதால் இரண்டின் அனுபவமும் மாநிலத்துக்கு உதவும். ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் 2 கிராம சபையில் ஊர்க் கணக்கைப் படிக்க வேண்டும். பிழை என்று யாரேனும் சொன்னால் 30 நாளில் சரிபார்த்து எழுத்தில் பதில் தர வேண்டும். 2027 கணக்கெடுப்பின் ஊராட்சி அளவிலான அட்டவணைகளைத் தமிழில் தாமதமின்றித் தருமாறு மத்திய அரசை வலியுறுத்த வேண்டும்.

கணக்கெடுப்பாளர் வரும்போது கதவைத் திறந்து பதில் சொல்வது குடிமக்களின் கடமை என்கிறது அரசு. சொன்ன பதில்களின் கூட்டுத்தொகையை அவர்களிடம் திருப்பிக் காட்டுவது அரசின் கடமை. முதல் கடமையைத் திருவாலங்காட்டு மக்கள் ஒவ்வொரு முறையும் நிறைவேற்றி வருகிறார்கள். இரண்டாவதை அரசு நிறைவேற்றட்டும்.