போலீஸ் வசம் போன பொருள்

அடகுக் கடையில் வைத்த நகை தொலைந்து போனால் என்ன நடக்கும்? கோவில்பட்டிச் சீமையில் இதற்குப் பதில் தெரியாத சம்சாரி கிடையாது. ஐப்பசி மழைக்கு முன்னால் விதைக்கும் உரத்துக்கும் பணம் வேண்டும். பெண்டாட்டியின் கழுத்துச் சங்கிலி கடைக்குப் போகிறது. வெள்ளாமை வீடு வந்தால் சங்கிலியும் வீடு வரும். இடையில் கடைக்காரர், "என் கணக்குப்பிள்ளை நகையோடு ஓடிவிட்டான், நான் என்ன செய்ய?" என்று கையை விரித்தால் ஊர் சும்மா விடுமா? "கணக்குப்பிள்ளை உன் ஆள். நகையை வை; இல்லாவிட்டால் கிரயத்தை வை" என்று திண்ணையில் உட்கார்ந்துவிடும். நியாயமும் அந்தத் திண்ணையின் பக்கம்தான் இருக்கும்.

அதே சங்கிலி போலீஸ் ஸ்டேஷனில் தொண்டிப் பொருளாக இருந்து தொலைந்து போனால்? சர்க்கார் சொன்ன பதிலைக் கேளுங்கள். நான் கட்டிய கதையல்ல. சுப்ரீம் கோர்ட்டுத் தீர்ப்பாக அச்சேறியிருக்கும் சங்கதி.

1947 செப்டம்பர் 20. அமிர்தசரஸ் வியாபாரி ஒருவர் தங்கமும் வெள்ளியும் விற்பதற்காக மீரத் நகருக்கு நள்ளிரவில் வந்து இறங்கினார். கடைத்தெருவில் மூன்று போலீஸ்காரர்கள் சந்தேகப்பட்டு அவரைப் பிடித்தார்கள். அவரிடம் இருந்தது நூற்று மூன்று தோலாவுக்கு மேல் தங்கம். நம் கணக்கில் சுமார் 150 பவுன். வெள்ளி 80 கிலோவுக்குக் குறையாது. மறுநாள் ஜாமீனில் விட்டார்கள். பின்னால் வெள்ளி திரும்பி வந்தது. தங்கம் வரவில்லை. காவலுக்கு இருந்த ஏட்டு, அக்டோபரில் அதை எடுத்துக்கொண்டு பாகிஸ்தானுக்குப் போய்விட்டார்!

வியாபாரியின் கம்பெனி வழக்குப் போட்டது. கீழ்க் கோர்ட்டு பதினோராயிரம் ரூபாய்க்கு மேல் கொடுக்கச் சொன்னது; ஹைகோர்ட்டு அதை ரத்து செய்தது. கடைசியில் 1964 செப்டம்பர் 29 அன்று ஐந்து நீதிபதிகள் தீர்ப்புச் சொன்னார்கள். போலீசார் விதிப்படி நடக்கவில்லை, கவனக்குறைவாக இருந்தார்கள் என்பதை அவர்கள் மறுக்கவில்லை. ஆனால் பிடிப்பதும் சோதனை போடுவதும் பொருளைக் கைப்பற்றுவதும் அரசின் இறைமை அதிகாரத்தைச் சேர்ந்த காரியங்களாம். அவற்றில் தவறு நேர்ந்தால் சர்க்கார் பணம் கொடுக்க வேண்டியதில்லையாம்! இதுதான் கஸ்தூரிலால் வழக்கு.

கம்பெனி ஆட்சியின்போது கல்கத்தாவில், சர்க்கார் கப்பல் பட்டறை ஆட்கள் தூக்கிச் சென்ற இரும்பு விழுந்து, ஒரு வண்டிக் குதிரை மிரண்டு காயப்பட்டது. அந்த வழக்கில், 1861-ல், சர்க்கார் பொறுப்பு என்று வெள்ளைக்கார நீதிபதிகள் சொன்னார்கள். ஏனென்றால் பட்டறை வேலை இறைமைக் காரியம் அல்லவாம். குதிரைக்குக் கிடைத்த நியாயம் சுதந்திர இந்தியாவின் பிரஜைக்குக் கிடைக்கவில்லை. அரசன் தவறு செய்யமாட்டான் என்ற தத்துவத்தை உலகத்துக்குக் கொடுத்த இங்கிலாந்தே, மீரத்தில் தங்கம் தொலைந்த அதே 1947-ல், தன் முடியரசை வழக்குக்கு உட்படுத்திச் சட்டம் செய்துகொண்டது. அவர்கள் கழற்றி எறிந்த பழஞ்சட்டையை நாம் எடுத்து மாட்டிக்கொண்டோம்.

நீதிபதிகளைக் குறை சொல்லிப் பயனில்லை. இந்த நிலை சரியல்ல, இங்கிலாந்தைப் போல நீங்களும் சட்டம் இயற்றுங்கள் என்று அவர்களே அந்தத் தீர்ப்பில் சொன்னார்கள். சட்டக் கமிஷன் 1956-லேயே, தன் முதல் அறிக்கையிலேயே சொல்லியிருந்தது. 1965-லும் 1967-லும் மசோதாக்கள் வந்தன, நிறைவேறாமல் காலாவதியாயின. அப்புறம் யாருக்கும் ஞாபகமில்லை.

கோர்ட்டுகள்தாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கணக்கைத் திருத்தின. போலீஸ் காவலில் தொலைந்த ஒரு பெண்மணியின் நகைகளுக்கு 10,000 ரூபாய் கொடுக்கும்படி 1977-ல் சுப்ரீம் கோர்ட்டு மைசூர் சர்க்காருக்கு உத்தரவிட்டது. கைப்பற்றிய சரக்கு கெட்டுப்போனதற்குச் சர்க்கார் பொறுப்பு என்று 1994-ல், ஆந்திர வழக்கு ஒன்றில் சொன்னது. கஸ்தூரிலால் தீர்ப்பின் பலம் தேய்ந்துவிட்டது என்று 1999-ல் அதே கோர்ட்டு எழுதியது.

சரி, தேய்ந்த தீர்ப்பால் கரிசல் காட்டுக்காரனுக்கு என்ன லாபம்? அவனுடைய டி.வி.எஸ். பிப்டி வண்டி ஸ்டேஷன் வேப்பமரத்தடியில் கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வழக்கு முடிந்து போய்ப் பார்த்தால் பாட்டரி இல்லை, டயர் வெடித்துக் கிடக்கிறது. அந்த வண்டிக்காக அவன் வக்கீல் பிடித்து மதுரைக்கும் டில்லிக்கும் நடப்பானா? போன வண்டியின் விலையைப் போல எத்தனை மடங்கு செலவு! பேசாமல் இருந்துவிடுவான். அவன் பேசாமல் இருப்பதுதான் சர்க்காரின் லாபக் கணக்கு.

"ஓர் ஏட்டு திருடியதற்கு ஊர்ப்பணத்தைக் கொடுப்பதா?" என்று கேட்பவர்கள் உண்டு. ஏட்டு யார் பெயரால் அந்தப் பொருளை வாங்கினார் ஐயா? நம் எல்லோர் பெயராலும்தானே? பொருளைப் பிடுங்கும்போது ஊர்க் காரியம், தொலைக்கும்போது ஏட்டின் சொந்தக் காரியம் என்றால் அது என்ன நியாயம்? "திருட்டுச் சொத்தாக இருந்தால்?" என்பார்கள். இருக்கட்டும், பறிகொடுத்தவனுக்குப் போய்ச் சேரட்டும். எந்தக் கணக்கிலும் அது ஏட்டின் சொத்தாகாது.

சிலம்பின் கதையை எத்தனை மேடையில் கேட்டிருக்கிறோம்! அதுவும் ஒரு தொண்டிப் பொருளின் கதைதான். பொய் சொன்னவன் பொற்கொல்லன், வெட்டியவன் காவலன். இருவர் தலையிலும் பழியைப் போட்டுவிட்டு, "இது ராஜ அதிகாரம், நான் பொறுப்பல்ல" என்று பாண்டியன் சிம்மாசனத்தில் சாய்ந்திருக்கலாம். அவன் குற்றம் தன்னுடையது என்று உயிரையே விட்டான். நம் சர்க்காரிடம் நாம் உயிரையா கேட்கிறோம்? சங்கிலியின் கிரயத்தைத்தானே கேட்கிறோம்!

2024 ஜூலை முதல் தேதி அமலுக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 497-ஆம் பிரிவு, கோர்ட்டுக்கு வந்த பொருளுக்கு 14 நாளில் விவரப் பட்டியல், படம், பிறகு 30 நாளில் முடிவு என்கிறது. நல்லது. ஆனால் தொலைந்தால் யார், எத்தனை நாளில், எவ்வளவு கொடுப்பது? அந்தப் பிரிவில் அதற்கு ஒரு வரி இல்லை. அந்த வரிதான் வேண்டும். கைப்பற்றும்போதே மதிப்புப் போட்ட ரசீது. தொலைந்தால் கோர்ட்டுப் படி ஏறாமலே கிரயம். அதைத் தொலைத்தவரிடம் பிடித்துக்கொள்வது சர்க்கார் பாடு. இதற்கு டில்லியைத்தான் பார்த்திருக்க வேண்டும் என்பதில்லை. நஷ்டஈட்டுக்குரிய தீங்குகள் அரசியல் சாசனத்தில் பொதுப் பட்டியலில் இருக்கின்றன. சென்னைச் சட்டசபையே முன்வரலாம். ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் ரோட்டையும் தண்ணீரையும் கேட்கிற நம் ஜனங்கள், இனி இதையும் சேர்த்துக் கேட்கவேண்டும்.