இடியன் துவக்கும் இகழப்படும் கைத்திறனும்

வன்னியின் வீரத்தைப் பாடாத மேடை நம்மிடையே இல்லை. 1803 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்திற் பண்டாரவன்னியன் முல்லைத்தீவிலிருந்த ஆங்கிலேயரைத் துரத்தியதையும், அதே ஆண்டு ஒக்டோபர் 31 ஆம் நாள் கற்சிலைமடுவில் வொன் டிறிபேர்க்கின் படையிடம் தோல்வியுற்றதையும் அறியாத தமிழ் மாணவர் மிகச் சிலரே. முல்லைமணி அவன் கதையை நாடகமாக்கினார். ஊர்தோறும் அக்கதை மேடையேறியது. வவுனியா நகரிலே அவனுக்குச் சிலையும் உண்டு. இவையெல்லாம் வேண்டியனவே. ஆயின், அக்காலத்து வன்னியான் கையிலிருந்த துவக்கைச் செப்பனிட்டவர் யார்? மாரிமழையில் மருந்து நனையாது காத்த கொம்பைக் குடைந்தவர் யார்? தோற்பையைத் தைத்தவர் யார்? இவ்வினாக்களை எழுப்பினால் நம் அறிஞர் அவையிற் கிடைக்கும் விடை மௌனம் ஒன்றே. அம்மௌனம் அறியாமையால் மட்டும் விளைந்ததன்று. கையால் உழைப்பவனின் அறிவை அறிவென்று ஏற்காத நமது நெடுநாள் நோயின் அறிகுறி அது. அந்நோயைச் சுட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வன்னியிலே இடியன் என்று வழங்குவது, குழலின் வாய்வழியே மருந்தையிட்டு, தும்பை அடைத்து, கோலால் இடித்து நிரப்பும் பழைய துவக்காகும். துவக்கு, துப்பாக்கி என்னும் இரு சொற்களும் துருக்கிச் சொல்லொன்றின் வழிவந்தவை என்பர் மொழிநூலார். பெயரும் பொருளும் கடல்கடந்து வந்திருக்கலாம். எனினும் இடியன் என்ற பெயரைச் சூட்டியவன் நம் உழவன். சொல் இரவலாயினும் தொழிலைத் தனதாக்கிக்கொண்டான் என்பதற்கு அப்பெயரே சான்று. சேனைப் பயிரைக் காட்டுப்பன்றியிடமிருந்து காக்கப் பரண்மேல் இரவெல்லாம் விழித்திருந்தவனுக்கு இடியன் வீரச்சின்னமன்று. மண்வெட்டியையும் கத்தியையும் போன்ற ஒரு கருவியே. அதனுடன் சேர்ந்தே மருந்துக்கொம்பு, சன்னப்பை, இடிகோல் முதலிய துணைக்கருவிகளும் வாழ்ந்தன. கொல்லனும் தச்சனும் தோல் தைப்பவனும் ஒருங்கே பங்குகொண்ட ஓர் உற்பத்தி உறவு அதன் பின்னே இருந்தது.

“அது கொலைத்தொழில், அழிந்தால் அழியட்டும்” என்பார் ஒரு சாரார். அவர்தம் கூற்றிலுள்ள நியாயத்தை மறைத்தல் முறையன்று. மூன்று தசாப்த காலப் போர் 2009 ஆம் ஆண்டில் முடிவுற்ற மண்ணிலே துவக்கு என்ற சொல்லைக் கேட்டதும் ஒரு தாய் நடுங்குவாளாயின், அந்நடுக்கத்தை எள்ளுதற்கு எவர்க்கும் உரிமையில்லை. காட்டுப்பாதையிற் கயிறு கட்டி வைக்கப்படும் கட்டுத்துவக்கு பன்றியென்றும் பசுவென்றும் மனிதனென்றும் பேதம் அறியாது. விறகுக்குப் போனவன் காலை இழந்து திரும்புகின்றான். யானை சீழ்பிடித்த புண்ணோடு வாரக்கணக்கில் அலைந்து மடிகின்றது. கட்டுத்துவக்கை மரபென்று போற்றுவோன் எவனாயினும் அவன் என் பகைவனே.

ஆயின் இவ்வாதத்தை முன்வைப்போர் ஒன்றை எண்ணிப்பார்க்க வேண்டும். காட்டை அழித்த குற்றத்தை இடியன் ஏந்திய ஏழை உழவன்மீது சுமத்துவது எளிது. 1859 ஆம் ஆண்டில் வெளிவந்த தமது நூலிலே எமர்சன் ரெனன்ற் தரும் கணக்கை நோக்குக: 1848 ஆம் ஆண்டுக்கு முந்திய மூன்றாண்டிற்கும் குறைந்த காலத்தில், வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500 யானைகள் கொல்லப்பட்டன. அரசு வெகுமதி கொடுத்துக் கொல்வித்த காலம் அது. றொஜர்ஸ் என்ற ஆங்கிலப் படை அதிகாரி தனியொருவராய் ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைக் கொன்றதாகப் பெயர்பெற்றார். துரைமார் சுட்டது விளையாட்டாயிற்று. அவர்தம் வேட்டைக் கதைகள் இலக்கியமாயின. ஊரவன் தன் பயிரைக் காக்கச் சுட்டது மட்டும் குற்றமாயிற்று. 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச்சட்டத்தின்படி அனுமதியின்றித் துவக்கை ஆக்குவதும் வைத்திருப்பதும் குற்றமாகும். அச்சட்டம் இருக்க வேண்டியதே. அதனை மீறுமாறு நான் எவரையும் தூண்டவில்லை. எனினும் சட்டம் தடுப்பது சுடுகலனையே. கைத்திறனின் வரலாற்றை எழுதலாகாது என்றோ, கொம்பைக் குடையக் கற்கலாகாது என்றோ எச்சட்டமும் கூறவில்லை. அந்தத் தடையை விதித்துக்கொண்டவர் நாமே.

ஒப்புநோக்கினால் நமது வறுமை தெளிவாகும். கண்டி நாட்டுக் கைவினைஞரின் தொழில்களை ஊரூராய்ச் சென்று கண்டு, 1908 ஆம் ஆண்டிலே பெருநூலாக வெளியிட்டவர் ஆனந்த குமாரசுவாமி. அவர் சேர் முத்து குமாரசுவாமியின் மைந்தர், தமிழர். சிங்களக் கொல்லனின் உலைக்களத்துக்கும் தச்சனின் பட்டறைக்கும் ஒரு தமிழ் அறிஞரால் ஏட்டில் இடம் கிடைத்தது. அதனாலேயே, குழலிலும் பிடியிலும் வேலைப்பாடு செறிந்த கண்டித் துவக்குகள் இன்று நூதனசாலைகளிற் கலைப்பொருளாய் மதிக்கப்படுகையில் அவற்றை ஆக்கியோரின் மரபைப் பற்றியும் பேச முடிகின்றது. வன்னிக்கு வாய்த்ததோ 1895 ஆம் ஆண்டில் ஜே. பி. லூயிஸ் என்ற ஆங்கில அதிகாரி எழுதிய வன்னி மாவட்டக் கைந்நூல். ஆட்சியாளனின் கண்கொண்டு எழுதப்பட்டதாயினும் இன்றும் நாம் அதனையே புரட்டுகின்றோம். நம்மவர் எழுதியிருக்க வேண்டிய நூல் இன்னும் எழுதப்படவில்லை.

மேடையில் நின்று பிறரைக் குறைகூறுவது எளிது என்பதால், நானே கற்கத் துணிந்தேன். ஒட்டுசுட்டானுக்கு அப்பால் ஒரு சிற்றூரிலே வாழும் முதிய தச்சர் ஒருவரிடம் சென்று, மருந்துக்கொம்பு செய்யக் கற்றுத்தருமாறு வேண்டினேன். “படிக்கிற பிள்ளைக்கு இதெல்லாம் ஏன் தம்பி?” என்பதே அவரது முதல் வினா. அதில் ஏளனம் இல்லை, வெட்கமே இருந்தது. தம் அறிவு பிறர்க்குக் கற்பிக்கத்தக்கதன்று என அவரே நம்பிவிட்டார். யார் அவரை அவ்வாறு நம்பச் செய்தனர்?

எருமைக்கொம்பை நீரிலே ஊறவிட்டு, உள்ளெலும்பு தளர்ந்து கழலும்வரை பல நாள் பொறுத்திருக்க வேண்டும். அந்நாற்றத்தைத் தாங்குதலே முதற்பாடம். பின்னர் உடைந்த போத்தல் துண்டால் மேற்புறத்தைச் சுரண்டி மெருகேற்றல். வெந்நீரிலே கொம்பு இளகியிருக்கும்போதே அதன் அகன்ற வாயில் மரத்தக்கையை இறுக்கினால், ஆறும்போது கொம்பு தானே அதனைக் கவ்விக்கொள்ளும். எஞ்சிய இடுக்கைத் தேன்மெழுகு அடைக்கும். நுனியைத் துளைப்பதே கடினம். என் முதற் கொம்பிலே துளை நேரே செல்லாது பக்கத்தைப் பொத்துக்கொண்டு வெளிவந்தது. இரண்டாவது கொம்பை அளவுக்கு மீறி அறுத்துப் பாழாக்கினேன். பெரியவர் சினக்கவில்லை. மெல்லிய கம்பியொன்றைக் கொம்பினுள்ளே விட்டு, அது முட்டிய ஆழத்தை விரலாற் குறித்து, அதே கம்பியை வெளிப்புறத்திலே வளைவோடு வளைவாக வைத்துக் காட்டினார். உட்குழி முடிந்து திண்மை தொடங்கும் இடம் கண்ணுக்குத் தெரிந்தது. “இனி எங்க அறுக்கிறதெண்டு கொம்பே சொல்லும்” என்றார்.

அன்று நான் கண்டது ஓர் அளவைமுறை. காணமுடியாத ஒன்றைக் காணக்கூடிய ஒன்றால் அளக்கும் அறிவு அது. இரும்புக் கலமாயின் துருவும் தீப்பொறியும் அச்சந்தரும்; மண்கலமாயின் உடையும்; கொம்போ இலேசானது, நீர்புகாதது, பொறி எழுப்பாதது. இத்தேர்விலே பொருளியல்பு பற்றிய நுண்ணறிவு இருக்கின்றது. மூன்றாம் கொம்பு ஒருவாறு நிமிர்ந்து வந்தது. அதனுள்ளே மருந்து ஒருபோதும் இடப்படமாட்டாது; அதற்குத் தேவையும் இல்லை. ஆயின் அதனை ஆக்கிய மூன்று மாதங்களில் நான் கற்ற சொற்களும் முறைகளும் என் பாடக்குறிப்பு எதிலும் இல்லை.

கைத்தொழிலைக் குலத்தொடு பிணித்து, குலத்தைத் தாழ்த்தி, அதன் வழியே தொழிலையும் தாழ்த்திய சமூகம் நமது. சாதியை எதிர்த்துக் கட்டுரை எழுதும் நாமே, உளிபிடித்தவனிடம் மாணவனாய் அமர நாணுகின்றோம். அவன் வீட்டுப் பிள்ளையும் அத்தொழிலிலிருந்து ஓடுகின்றான். அவனைக் குறைகூற இயலாது. இகழப்படும் ஒன்றைச் சுமக்குமாறு பிறரை வேண்டுவது அறமன்று. ஆகவே அத்தொழிலைக் குலத்தின் பிடியிலிருந்து விடுவித்து, விரும்பும் எவரும் தொடக்கநிலை மாணவராய்க் கற்கத்தக்க பொதுக்கல்வியாக்குதலே செய்யத்தக்கது.

இளைஞர் சிலர் வேறொரு திசையில் வழுவுகின்றனர். பழைமைப் பற்றினால் உந்தப்பட்டுக் குழலையும் மருந்தையும் தாமே ஆக்கிப் பார்க்க விழைவோர் அவர். அவர்க்கும் நான் உடன்படேன். குழல் வெடித்துக் கைவிரலை இழந்தோரை நம் ஊர்கள் அறியும். மரபைக் காத்தல் என்பது கொல்லும் ஆற்றலைக் காத்தல் அன்று. ஆக்கும் ஆற்றலைக் காத்தல். கொம்பு, தோல், மரம் ஆகிய மூன்றும் தொடக்கநிலை மாணவனுக்குப் போதும். எஞ்சியதை நூதனசாலையின் கண்ணாடிப்பெட்டிக்குள் வைத்து ஆராய்வோம்.

கிளிநொச்சியிலே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் இயங்குகின்றது. வவுனியாவிலே 2021 ஆம் ஆண்டு முதல் தனிப் பல்கலைக்கழகமே உண்டு. பட்டறைகளுக்கு மிக அருகே வந்துவிட்ட இவ்வுயர்கல்வி நிறுவனங்கள் அப்பட்டறைகளின் படலையைத் திறந்து உள்ளே செல்ல வேண்டும். கருவிகளின் பெயர்கள், செய்முறைச் சொற்கள், மரங்களின் தேர்வு ஆகியவற்றைத் தொகுத்தல் தமிழ்த்துறையின் கடமை. பொருள்களின் வரலாற்றை எழுதுதல் வரலாற்றுத்துறையின் கடமை. மூத்த கைவினைஞரை ஊதியத்தோடும் மதிப்போடும் ஆசிரியராய் அழைத்தல் பல்கலைக்கழகத்தின் கடமை. இவற்றைக் கோருதல் மாணவராகிய நமது கடமை.

பண்டாரவன்னியனுக்கு ஆண்டுதோறும் மாலை சூட்டுவோம், தவறில்லை. ஆனால் சிலைக்கு நாம் சூட்டும் மாலை வாடுமுன்னே, ஒட்டுசுட்டானுக்கு அப்பால் அந்தத் தச்சரின் கை நடுங்கத் தொடங்கிவிட்டது. அடுத்த மாரிக்குள் அவரிடம் இன்னும் நால்வர் சென்று அமர்வரோ? அவரது வினாவுக்கு, “படிக்கத்தான் ஐயா வந்தோம்” என்று விடையிறுப்பரோ? தமிழ்ச் சங்கத்துத் தோழர்களே, சொற்பொழிவுக்கு நாம் ஒதுக்கும் நாள்களில் ஒரு நாளையேனும் அதற்கு ஒதுக்குவோம்.